ஒரு வேதிப்பொருள் எவ்வளவு நாள் தங்கும்? கணிக்கும் வழி

மண்ணிலோ நீரிலோ ஒரு வேதிப்பொருள் எத்தனை நாள் தங்கும் என்று தேடினால் பெரும்பாலும் 'அரை ஆயுட்காலம் 30 நாள்' என்பது போல ஒற்றை எண்தான் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கே, எந்த வெப்பநிலையில், எதை அளந்து வந்த எண் என்று தெரியாதவரை அது பாதித் தகவல்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30 நாள் என்றால் பாதி குறைய 30 நாள், அவ்வளவுதான். 60 நாளில் கால் பங்கு மிச்சம், 90 நாளில் அரைக்கால், 300 நாள் கழிந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் சிதைவு ஒரே சீராக நடந்தால்தான்; மண்ணில் பல நேரம் தொடக்கத்தில் மளமளவென்று குறைந்துவிட்டு, துகள்களில் ஒட்டிக்கொண்ட மிச்சம் போகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அந்தப் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று பாருங்கள். நீரில் கரையாமல் வண்டலில் படிகிற பொருளுக்கு நீரில் அளந்த எண் உதவாது, ஏனென்றால் அடிவண்டலில் ஆக்சிஜனும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

சோதனை முடிவுகளில் 28 நாள் எளிதில்-சிதைவுச் சோதனையை (ஓஇசிடி எனும் பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி எண் 301) முதலில் தேடுங்கள். அதில் தேறினால் பெரும்பாலும் கவலை இல்லை. தேறாவிட்டால் 'நிலைத்திருக்கும் பொருள்' என்று முத்திரை குத்திவிடாதீர்கள், அது கடுமையான சோதனை. அடுத்த கட்டமாக மண்ணுக்கு 307, வண்டலுக்கு 308, மேற்பரப்பு நீருக்கு 309 ஆகிய சோதனைகளைப் பாருங்கள்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பொருள் காணாமல் போவது வேறு, அழிவது வேறு. ஆவியாகிப் பறந்தாலும், மண்ணுக்குள் இறங்கிப்போனாலும், பிரித்தெடுக்க முடியாதபடி துகளோடு பிணைந்துகொண்டாலும் அளவீட்டில் 'குறைந்துவிட்டது' என்றுதான் தெரியும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் பொருளில் கதிரியக்கக் கார்பன்-14 சேர்த்து அடையாளமிட்டு, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடாக மாறியது, எவ்வளவு பிணைந்து கிடக்கிறது என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு இல்லாத ஆய்வை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். சிதைந்து என்னவானது என்பதையும் விடாமல் பாருங்கள்: டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மாறி உருவாகும் டிடிஇ-யும் நீண்ட காலம் தங்கும் பொருள்தான், ஆகவே டிடிடி குறைந்தது என்று நிம்மதி கொள்ள முடியாது.

வெப்பநிலையும் முக்கியம். ஆய்வகத்தில் 20 டிகிரி செல்சியசில் 30 நாள் என்று வந்ததை, ஐரோப்பிய மதிப்பீட்டில் பயன்படும் 12 டிகிரிக்கு மாற்றினால் சுமார் 64 நாள் ஆகிவிடும். அங்கே ரீச் எனும் வேதிப்பொருள் விதிகளின்படி நன்னீரில் 40 நாளைத் தாண்டினாலே நிலைத்திருக்கும் பொருள்; மண்ணுக்கும் நன்னீர் வண்டலுக்கும் 120 நாள். ஆக, அதே பொருள் ஒரு வெப்பநிலையில் தேறி இன்னொன்றில் தோற்கும். நீண்ட காலம் தங்கும் கரிம மாசுப்பொருள்களுக்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் வரம்பு இன்னும் தளர்வு: நீரில் 2 மாதம், மண்ணிலும் வண்டலிலும் 6 மாதம்.

வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு எண் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சராசரி எடுக்காதீர்கள். மண்ணின் அமிலத்தன்மை, ஈரம், நுண்ணுயிர்களின் அளவு ஆகியவற்றில் எதனால் எண்கள் வேறுபட்டன என்று பார்த்து, காரணம் பிடிபடாவிட்டால் மெதுவான சிதைவைக் காட்டும் எண்ணையே எடுங்கள். பிஎஃப்ஓஎஸ் (கறை ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்பட்ட வேதிப்பொருள்) போன்ற, கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு நிறைந்த பொருளில் சோதனைக் காலம் முழுக்கச் சிதைவே தெரியவில்லை என்றால், கணிப்பு மென்பொருளில் எண் தேடாமல் 'சிதைவு காணப்படவில்லை' என்றே எழுதிவிடுங்கள்.