ஆர்ட்ஸ் டிகிரி படிக்கும்போதே வேலைக்குத் தயாராகணும்னா இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

பி.ஏ முடிச்ச கையோட நான் போன முதல் இன்டர்வியூல கேட்ட கேள்வி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. "நிறைய தகவலைச் சேகரிச்சு அதை வச்சு நீங்களா ஒரு முடிவுக்கு வந்த சந்தர்ப்பம் ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க. நான் வரலாறு படிச்சவன், மூணு வருஷமும் செஞ்சதே அதைத்தான், ஆனா அந்த நேரத்துல "இதுவரைக்கும் எங்கயும் வேலை பார்த்ததில்ல சார்"னு மட்டும்தான் சொல்ல வந்துச்சு. வெளிய வந்து படி இறங்கும்போதுதான் தோணுச்சு, கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக லைப்ரரில உக்காந்து பழைய பேப்பர் கட்டைப் புரட்டி, ஒரே சம்பவத்தை ரெண்டு பேப்பர் ரெண்டு விதமா எழுதியிருந்ததை ஒப்பிட்டு, எதை நம்பலாம் ஏன் நம்பலாம்னு பத்து பக்கம் எழுதினேனே, அவங்க கேட்டது அதைத்தானே.

கிளாஸ்ல பண்றது வெறும் படிப்பு, ஸ்கில்லுங்கறது வெளிய தனியா காசு கட்டிக் கத்துக்கற விஷயம்னு நெனைக்கறதுதான் நான் பார்த்ததுலயே பெரிய தப்பு. இலக்கியம் படிக்கறவங்க ஒரே பத்தியை நாலு விதமா வாசிச்சு எந்த வாசிப்புக்கு ஆதாரம் இருக்குன்னு வாதாடறாங்க, சோஷியாலஜி படிக்கறவங்க கேள்வி தயார் பண்ணி ஆளுங்களைப் பார்த்துப் பேசி பதிலை வகை பிரிக்கறாங்க, மொழிபெயர்ப்பு பேப்பர் எடுத்தவங்க ஒரு விஷயத்தை வேற ஆளுக்குப் புரியற மாதிரி மாத்தி எழுதறாங்க. அமெரிக்கால காலேஜ்காரங்களும் வேலை கொடுக்கறவங்களும் சேர்ந்து இருக்கற நேஸ்ங்கற அமைப்பு, வேலைக்குத் தேவைன்னு எட்டு திறமையைப் பட்டியல் போட்டு வச்சிருக்கு, அதுல கம்யூனிகேஷன், கிரிட்டிக்கல் திங்கிங், டீம்வொர்க் எல்லாம் வருது. இது எதுவுமே நம்ம டிகிரிக்கு வெளிய இருக்கறது இல்ல. ஆனா நம்மளால எடுத்துச் சொல்ல முடியாததால ரெஸ்யூம்ல "ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர்"னு எழுதிட்டுப் போயிடறோம், அதைப் படிச்சு யாருக்கும் நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியப் போறதில்ல.

எடுத்துச் சொல்ல முடியாததுக்குக் காரணம், செஞ்சதை எழுதி வைக்கறதில்ல. மூணாவது வருஷக் கடைசில உக்காந்து யோசிச்சா முதல் வருஷம் செஞ்சது எதுவும் நினைவுக்கு வராது. மாசக் கடைசில ஒரு பத்து நிமிஷம், ஒரு கூகுள் டாக்ஸ் ஃபைல், அவ்ளோதான். இன்டர்வியூல ஸ்டார்னு ஒரு முறை சொல்வாங்க, அதாவது என்ன சூழ்நிலை, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசில என்ன ஆச்சு, இந்த நாலையும் அந்த வரிசைலயே எழுதி வைங்க. "டிபார்ட்மென்ட் கருத்தரங்குல வாலன்டியரா இருந்தேன்"னு எழுதினா அதுல ஒண்ணுமில்ல. "மூணு பேச்சாளரோட மெயில்ல பேசி தேதி முடிவு பண்ணினேன், முந்தின நாள் ஒருத்தர் வர முடியலன்னதும் நிகழ்ச்சி நிரலை மாத்தி எல்லாருக்கும் தகவல் சொன்னேன், நேரத்துக்கு முடிஞ்சது"ன்னு எழுதினா நீங்க என்ன பண்ணக்கூடிய ஆள்னு கேக்கறவங்களுக்குப் புரியும். ரெண்டும் ஒரே வேலைதான்.

அடுத்தது எழுத்து. நமக்கு எழுத வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும், அது ஓரளவுக்கு உண்மையும்தான், ஆனா காலேஜ்ல கத்துக்கிட்ட எழுத்து ஆபீஸ்ல அப்படியே செல்லாது. கட்டுரைல முன்னுரை, பின்னணி, யார் யார் என்ன சொல்லியிருக்காங்க, எல்லாம் சொல்லிட்டு முடிவு கடைசில வரும். ஆபீஸ்ல மெயிலைத் திறக்கறவரு அடுத்த மீட்டிங்குக்குப் போற அவசரத்துல இருப்பாரு, முதல் ரெண்டு வரிலயே "என்ன வேணும், எப்போ வேணும், நான் என்ன பண்ணணும்" இது மூணும் கிடைக்கணும், காரணமெல்லாம் கீழ வந்தா போதும். முதல் வேலைல நான் அனுப்பின அறிக்கையை மேனேஜர் திருப்பிக் கொடுத்து "கடைசிப் பத்தியைத் தூக்கி மேல வைங்க, மத்ததுல பாதியை எடுத்துடுங்க"ன்னாரு, அன்னிக்கு வருத்தமா இருந்துச்சு ஆனா இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் செய்றேன். இதுக்குப் படிக்கும்போதே ஒரு பயிற்சி இருக்கு. ஒவ்வொரு கட்டுரையும் சமர்ப்பிச்ச பிறகு அதையே 150 வார்த்தைல, அந்த சப்ஜெக்டே தெரியாத ஒருத்தருக்கு எழுதிப் பாருங்க, முடிவு முதல் வரில இருக்கணும். ஆரம்பத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கும், எதை விடறதுன்னே தெரியாது. அந்த விடற கஷ்டத்தைப் பட்டுப் பட்டுத்தான் கை பழகும்.

இதை ஏஐ கிட்ட கொடுத்து சுருக்கி வாங்கிக்கலாமேன்னு தோணும். வேலைக்குப் போன பிறகு செய்ங்க, படிக்கற காலத்துல முதல் டிராஃப்ட் உங்க கைல வரணும்னு நான் ரொம்ப அழுத்தமா சொல்வேன், ஏன்னா அது எழுதித் தர்றது சரியா தப்பான்னு கண்டுபிடிக்கறதுக்கே அந்தப் பழக்கம்தான் வேணும். இல்லாத புத்தகத்தை ஆதாரம்னு காட்டற வேலையெல்லாம் அது பண்ணும்.

எக்செல் நமக்கு இல்லைன்னு ஒதுங்கறதும் ஒரு தப்பு. யாரும் உங்களை அக்கவுன்டன்ட் ஆகச் சொல்லல. சார்ட், ஃபில்டர், பெரிய பட்டியலை வகை வாரியா எண்ணிக் கூட்டிக் காட்டற பிவட் டேபிள், ஒரு ஷீட்லேர்ந்து இன்னொரு ஷீட்ல தேடி எடுக்கற லுக்கப் ஃபார்முலா, இவ்ளோ தெரிஞ்சா ஆரம்ப வேலைகள்ல நிறைய சமாளிச்சுடலாம். தனியா கோர்ஸ் போகறதைவிட ப்ராஜெக்டுக்குச் சேர்க்கற மூலங்களையே ஷீட்ல போடுங்க, ஆசிரியர், வருஷம், வகை, யார் தரப்புன்னு தனித்தனி காலம் (column) போட்டு. எந்தத் தரப்பு ஆதாரம் குறைவா இருக்குன்னு பிவட் போட்டதும் தெரிஞ்சுடும், ப்ராஜெக்டும் நல்லா வரும். சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிச் சேர்க்கறவங்களைப் பார்த்தா கவலையா இருக்கு, பன்னெண்டு சர்ட்டிஃபிகேட் இருந்தும் அந்த ஸ்கில்லை வச்சு செஞ்சது ஒண்ணைக் காட்டுங்கன்னா காட்ட இருக்காது.

குரூப் ப்ராஜெக்ட்ல எப்பவும் ஒரே வேலையை எடுக்காதீங்க. நல்லா எழுதறவங்க எழுதிக்கிட்டேதான் இருப்பாங்க, பேசறவங்க பேசிக்கிட்டேதான் இருப்பாங்க. ஒரு தடவையாவது கூட்டம் முடிஞ்சதும் யார் எதை எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு நாலு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பற ஆளா இருங்க. முடியாதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்றதும் அப்படிப் பழக வேண்டியதுதான். காலேஜ்ல லேட்டானா உங்க மார்க்தான் போகும், ஆபீஸ்ல உங்க வேலைக்காகக் காத்திருக்கற இன்னொருத்தர் வேலையும் சேர்ந்து நின்னுடும், ரெண்டு நாள் முன்னாடி சொன்னா அவங்க வேற வழி பார்ப்பாங்க.

மார்க்கை மட்டும் பார்த்துட்டு பேப்பரை மடிச்சு வைக்கற பழக்கம் எனக்கும் இருந்துச்சு. பல மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா மூணு வெவ்வேற ஆசிரியருங்க "வாதம் எங்கே?"ன்னு ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தாங்க. நம்ம எழுத்தை வரி வரியா படிச்சு சொல்ற ஆள் வேலைக்குப் போன பிறகு அவ்ளோ சுலபமா கிடைக்க மாட்டாங்க, அதனால கமென்ட் புரியலன்னா போய்க் கேளுங்க, சங்கடப்பட வேண்டாம்.

அப்புறம் ஆட்களோட பழக்கம். க்ளாஸ்மேட்ஸ் நாலு பேரோடயே மூணு வருஷத்தையும் ஓட்டிடறோம். 1973ல மார்க் கிரனோவெட்டர்ங்கற சமூகவியலாளர் ஒரு ஆய்வு வெளியிட்டாரு, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட அந்தத் தெரிஞ்சவரை எவ்ளோ அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டதுல, அடிக்கடி பார்ப்பேன்னவங்க 16.7 சதவீதம்தான், மத்தவங்க எல்லாம் எப்பவாவது பார்க்கறவங்க மூலமா கேள்விப்பட்டவங்க. கேட்டது சின்ன குழுகிட்டதான், ஆனா காரணம் யோசிச்சா புரியும், நெருங்கின நண்பருக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சதாத்தான் இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சு முடிச்ச சீனியர் ஒருத்தருக்கு மெசேஜ் போடுங்க. "வேலை இருக்கா அண்ணா"ன்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு அவரால பதில் சொல்ல முடியாது. "அக்கா, உங்க வேலைல ஒரு திங்கட்கிழமை எப்படிப் போகும், நம்ம படிச்சதுல எது அங்க பயன்படுது"ன்னு கேளுங்க, இருபது நிமிஷம் பேசுவாங்க. அவங்க சொல்றதை அன்னிக்கே அந்த மாசக் கடைசி ஃபைல்ல எழுதிடுங்க.