தப்பிய பூனைக்குக் கூண்டு: செய்யக்கூடாதவை

வீட்டுப் பூனை ஓடிப்போனால் பலர் நேரே வெல்டிங் பட்டறைக்குப் போய், எலிப்பொறியைக் காட்டி, "இதையே பெரிசா செஞ்சு குடுங்க" என்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இப்போது புதிதாகச் செய்பவர்களும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பூட்டில்லாத கதவு

எலிப்பொறியின் கதவை ஸ்பிரிங் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரிய கூண்டில் கதவு தன் எடையால் மட்டுமே விழுகிறது. விழுந்தால் போதும், மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம். 4 கிலோ பூனை பயந்துபோனால் முதலில் தேடுவது கதவின் அடி இடுக்கைத்தான். நகம் நுழைய இடம் கிடைத்தால் அடுத்து மூக்கு, அப்புறம் தலை. கதவு மேலே போய்விடும்.

வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தில் இது நடந்தது. இரவில் கதவு விழுந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் ஓடிவருவதற்குள் பூனை வெளியே. அதன் பிறகு கூண்டு வாசல் வரை வந்து மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஒருமுறை தப்பிய பூனை அந்தக் கூண்டை நம்பாது. கடைசியில் பெரிய வலைப்பெட்டி ஒன்றைக் குச்சியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, தூரத்தில் உட்கார்ந்து கையால் கயிற்றை இழுத்துத்தான் பிடிக்க முடிந்தது. விழுந்த கதவைத் தூக்கவிடாமல் மறிக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை.

இதற்காகக் கதவின் எடையைக் கூட்டாதீர்கள், வால் நசுங்கும். சட்டத்தில் ஒரு போல்ட்டில் தளர்வாக ஆடும் இரும்புப் பட்டைத் துண்டைப் பொருத்துங்கள். கதவு மேலே இருக்கும்போது அதன்மேல் சாய்ந்து கிடக்கும். கதவு இறங்கியதும் மேல் விளிம்பின்மீது விழுந்து மறிக்கும். பின்னால் சின்ன ஸ்பிரிங் கொடுத்தால் கூண்டு கவிழ்ந்தாலும் விடாது. பட்டறையை விட்டுக் கிளம்புமுன் கதவை விழவைத்து, அடியில் விரலை விட்டு நீங்களே தூக்கிப் பாருங்கள். அசைந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

கோழி வலை

வேண்டவே வேண்டாம். 1 அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போதும். கண் பெரிதானால் மூக்கை விட்டு முட்டி ரத்தக்களறியாகிவிடும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடக்குங்கள்.

நீளத்தில் சிக்கனம்

3 அடிக்குக் குறையக் கூடாது. மிதித்தால் கதவை விழவைக்கும் மிதிபலகை உள்ளே கடைசி ஓரத்தில் இருக்கட்டும்; பூனை அதை மிதிக்கும்போது வாலும் உள்ளே இருக்க வேண்டும். தரையில் ஒரு துணி விரியுங்கள், கம்பிமேல் நடக்கப் பூனைக்குப் பிடிக்காது.

முதல் நாளே பொறி வைப்பது

கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே சோறு போடுங்கள். பயமில்லாமல் கடைசிவரை போய்ச் சாப்பிடப் பழகிய பிறகு கட்டை அவிழுங்கள். பிடித்துவிட எல்லோரும் அவசரப்படுவார்கள், இடம் கொடுக்காதீர்கள்.

வெயிலில் கூண்டு

கூடாது. வைத்துவிட்டுத் தூங்கப் போவதும் கூடாது.

மாட்டிய இடத்திலேயே திறப்பது

நம் பூனைதானே என்று மாடிப்படியடியில் திறந்தால் கையைக் கிழித்துவிட்டு ஓடிவிடும். பயத்தில் அதற்கு உங்கள் குரல்கூடப் புரியாது. கூண்டைத் துணியால் மூடி அப்படியே தூக்கி வந்து, குளியலறைக்குள் வைத்து, ஜன்னலையும் கதவையும் சாத்திய பிறகே தாழை எடுங்கள். தானாக வெளியே வரட்டும்.