பூந்தொட்டி மரத்தின் தாகத்தை விடியலில் பாருங்கள்

தொட்டியில் வளரும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சைக்கோ மாமரத்துக்கோ தண்ணீர் தேவையா என்பதை மதியம் 2 மணிக்குப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை 7 மணிக்கு, வெயில் ஏறும் முன் பாருங்கள். அப்போதும் இலை துவண்டிருந்து, 10 செ.மீ. ஆழத்தில் செருகிய குச்சி மண் ஒட்டாமல் வெளியே வந்தால், அன்றே தண்ணீர் ஊற்றவேண்டும்.

பினாங்கின் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மதிய வாட்டம் சாதாரணம். வேர் இரவில் ஈடுகட்டிவிடும். விடியலிலும் வாடியிருந்து, குச்சியும் காய்ந்து வந்தால் மண்ணிலேயே நீர் இல்லை. அந்நிலையில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் புதிய சர்க்கரை உற்பத்தி குறைகிறது. சேமித்த மாவுச்சத்தை இலை சர்க்கரையாக உடைத்து, செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்கச் செலவழிக்கிறது. பிஞ்சுக்குப் போகும் பங்கு குறைவதும் பிஞ்சு உதிர ஒரு காரணம். பலர் இந்த நேரத்தில் உரம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உப்பு கூடி வேர் இன்னும் திணறும்.

நன்றாகக் காய்ந்த தென்னைநார்க் கலவை முதல் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாமல் போகலாம், தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். மெதுவாக ஊற்றி, 20 நிமிடம் விட்டு, அடியில் வடியும்வரை மறுபடி ஊற்றுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் விடியலில் இலை வாடினால் அது வேரழுகலாக இருக்கலாம், தண்ணீரை நிறுத்துங்கள். பூக்கும் முன் மாமரத்துக்கும் டுரியானுக்கும் சிறிது வறட்சி தேவை, அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது.