ஒளிந்து விளையாடும் கேமை பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

லண்டனில் இருக்கிற சித்தப்பா அனுப்பின டிஸ்க் உறையில் 18 என்று போட்டிருக்கும், கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்ததில் எம் என்ற எழுத்தும் 17+ உம் இருக்கும். இரண்டும் ஒரே கேமாக இருக்கலாம். ஐரோப்பாவில் பெகி, வட அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி என்று கேம்களை வயதுப்படி தரம் பிரிப்பவர்கள் வேறு. பிள்ளைக்கு 13, 14 வயதென்றால் அந்த எண்ணோடு நிறுத்திவிடுங்கள். ஓ/எல் பரீட்சை எழுதிவிட்டு, 16 வயதளவில் இருக்கிற பெடியனோ பிள்ளையோ கேட்டால்தான் இருந்து பார்க்க வேலை இருக்கிறது.

2012இல் வந்த டிஸ்ஓனர்ட் என்ற, பதுங்கிப் பதுங்கி விளையாடும் கேமை எடுத்துக்கொள்வோம். யூடியூபில் பெயரோடு வோக்த்ரூ (ஒருவர் விளையாடிக் காட்டும் வீடியோ) என்று போட்டுத் தேடி, தொடக்கத்தை நீங்களே பாருங்கள். மகாராணியை அவருடைய சின்ன மகளின் கண்முன்னே கொல்கிறார்கள், பழி மெய்க்காப்பாளன் மேல் விழுகிறது, அவன்தான் நம் பிள்ளை ஆட்டுவிக்கும் ஆள். சுட்டுத்தள்ளும் கேம்களில் ஆட்கள் எங்கோ தூரத்தில் விழுவார்கள். இங்கே பின்னால் பதுங்கிப் போய், கழுத்தில் கத்தியை இறக்கி, உடலைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்துவைக்கலாம், எல்லாம் அவ்வளவு கிட்டத்தில் நடக்கும்.

"ஒருத்தரையும் கொல்லாமலே முடிக்கலாம் அம்மா" என்று சொல்வார்கள். உண்மைதான். நிறையப் பேரைக் கொன்றால் நகரத்தில் எலியும் நோயும் கூடும், முடிவும் இருண்டுபோகும், அந்தப் பாடம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கொல்லாத வழியும் சாதுவானதில்லை: இரட்டைச் சகோதரர்களின் நாக்கை வெட்டி அவர்களுடைய சுரங்கத்திலேயே அடிமையாக்குகிறார்கள், மயக்கிய ஒரு பெண்ணை அவள்மேல் பித்துப்பிடித்த ஒருவனிடம் ஒப்படைக்கிறார்கள். எனக்குக் கொலையைவிட இதுதான் உறுத்துகிறது. இந்த இடம் வரும்போது பிள்ளையோடு கட்டாயம் கதைக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளை என்றால் எனக்குப் பயமில்லை, "கேம்தானே" என்று தட்டிவிட்டால் இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

விளையாட விட்டால், ஒவ்வொரு கட்டமும் முடியும்போது வரும் கணக்கைப் பாருங்கள். எதிரிகள் எத்தனை, பொதுமக்கள் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அதில் பிரித்தே காட்டும்.

எங்கள் வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த நகரத்தில் காவலரண், ஒலிபெருக்கி அறிவிப்பு, துணியில் சுற்றிக் குவித்த உடல்கள் எல்லாம் வரும். பிள்ளைக்கு அது கற்பனை ஊர், அதே ஹோலில் இருக்கிற, யுத்தத்தைப் பார்த்த அம்மம்மாவுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். அவர் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

பிளேஸ்டேஷனில் வயதுக் கட்டுப்பாட்டைப் போட்டு, அதன் கடவு எண்ணை நீங்கள் வைத்திருங்கள், இல்லாவிட்டால் தம்பியும் அதையே திறப்பான். அவனுக்குப் பதுங்கி விளையாடத்தான் ஆசை என்றால் 2019இல் வந்த அன்டைட்டில்ட் கூஸ் கேம் இருக்கிறது. ஊராரின் சாமான்களை ஒரு வாத்து களவெடுக்கும், அவ்வளவுதான்.