மழையில் நீண்ட தூரம் ஓடப் போகிறீர்களா? காலில் இருந்து ஆரம்பியுங்கள்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். கோயம்புத்தூர் மாரத்தான் டிசம்பரில் வருகிறது, அதற்கான பயிற்சியை ஆனி ஆடியிலேயே தொடங்கிவிடுவோம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கிற நேரம் அது. ஆக, 21 கிலோமீட்டரோ 42 கிலோமீட்டரோ, கொங்கு நாட்டில் ஓடுகிறவர் நனையாமல் பந்தயத்துக்குத் தயாராக முடியாது. தூறல் விழுந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போர்த்திப் படுப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் முதல்முறையாக நனைவதே பந்தய நாளில்தான், அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

எனக்கும் அப்படித்தான் கெட்டது. முதல் அரை மாரத்தான், முந்தின இரவு முழுக்க மழை, ரோட்டில் கணுக்காலுக்குத் தண்ணீர். பருத்தி சாக்ஸ் போட்டிருந்தேன். 14வது கிலோமீட்டரில் குதிகாலில் ஏதோ மணல் உருள்வது மாதிரி இருந்தது, நின்று பார்க்கலாம் என்று தோன்றியும் நிற்கவில்லை. முடித்துவிட்டு சாக்ஸைக் கழற்றினால் உள்ளங்கால் முழுக்க வெளுத்து, ஊறவைத்த அரிசி மாதிரி சுருங்கிக் கிடந்தது. குதிகாலில் ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தோல் சாக்ஸோடேயே வந்துவிட்டது. பத்து நாள் செருப்புகூடச் சரியாகப் போட முடியவில்லை. அன்றைக்கு மூச்சும் தொடையும் நன்றாகவே இருந்தன, தயாராகாமல் இருந்தது தோல் மட்டும்தான்.

தோல் ஊறினால் இளகிவிடும், இளகின தோல் துணியில் உரசினால் கொப்புளம். அவ்வளவுதான் விஷயம். அதனால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். முந்தின நாள் வெட்டினால் ஓரம் குத்தும். பந்தயத்தன்று காலையில் காலை நன்றாகத் துடைத்துவிட்டு, வாசலினை விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் தேயுங்கள், குதிகாலிலும் பெருவிரலின் பக்கவாட்டிலும் கொஞ்சம் தாராளமாகவே. தேங்காய் எண்ணெய் தண்ணீரில் சீக்கிரம் போய்விடும், இதற்கு வாசலின்தான். தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு இங்கேயெல்லாமும் தடவ வேண்டும். ஆண்கள் மார்க்காம்பில் சின்ன பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது இன்னும் நல்லது, ஈரச் சட்டை அங்கே ரத்தம் வருகிற அளவுக்கு உரசும்.

சாக்ஸ் பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்ததாக, காலை இறுக்கிப் பிடிப்பதாக இருக்கட்டும். சட்டையும் அப்படித்தான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். பனியன் எடுக்கத் திருப்பூர் பக்கம் போகிறவர்கள் அங்கேயே விளையாட்டுத் துணியும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் புகாத ஷூ என்று தனியாகத் தேடாதீர்கள், மழைத் தண்ணீர் மேல்வாய் வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது. மேலே வலைத்துணி இருக்கிற சாதாரண ஷூதான் தண்ணீரை வடித்துவிடும். லேஸை இரட்டை முடிச்சாகப் போடுங்கள், ஈரத்தில் அது தளர்ந்துகொண்டே வரும். தலைக்கு முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற தொப்பி, கண்ணில் தண்ணீர் விழாமல் இருக்கும்.

மழைக்கோட்டு வேண்டாம். உள்ளே வியர்த்துப் புழுங்கி, வெளியே நனைவதைவிட மோசமாகிவிடும். ஆனால் ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்கிறோமே, அதற்கு ஒரு வழி நம் காட்டுக்காரர்களிடமே இருக்கிறது. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு மாடு மேய்ப்பார்களே, அதே யோசனைதான். ஒரு பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், தொடங்கும்போது கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம். ரோட்டில் வீசக் கூடாது, பின்னால் வருகிறவர் காலில் அது சிக்கும்.

இனி பயிற்சி. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகிற நீள ஓட்டம் ஒன்றையாவது வேண்டுமென்றே மழையில் ஓடுங்கள், பந்தயத்தில் போடப்போகிற அதே ஷூ, சாக்ஸ், டிரவுசரோடு. எங்கே உரசுகிறது என்பதை உடம்பு அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும், குளிக்கும்போது எங்கே எரிகிறதோ அங்கே அடுத்த முறை வாசலின். ஆடி மாதம் பேரூர் தாண்டிச் சிறுவாணி ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், போகும்போது மேற்கே எதிர்க்காற்றில் போய்விட்டு, வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் நனைந்து களைத்த உடம்பில் ஊதக்காற்று நேராக அடிக்கும், பல் தந்தியடிக்கும். இருட்டு விலகாத நேரத்தில் தடாகம், மருதமலை மாதிரி காட்டை ஒட்டின ரோடுகளை விட்டுவிடுங்கள். மழைச் சத்தத்தில் யானை நிற்பது காதிலும் விழாது, கண்ணிலும் படாது. அந்த மாதிரி நாளுக்கு ரேஸ் கோர்ஸ் சுற்று போதும், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், நாலு பேர் நடமாட்டமும் இருக்கும். ஒருநாள் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர், “ஏஞ்சாமி, இந்தத் தூத்தல்ல நனைஞ்சுட்டு எங்க போற, சளி புடிச்சுக்காதா?” என்று கேட்டார். நனைவதால் மட்டும் சளி பிடிக்காது, அது கிருமியால் வருவது. ஆனால் நனைந்தபடியே நின்றால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும், அந்த அளவில் ஆத்தா சொன்னது சரிதான்.

இடி மின்னல் என்றால் பேச்சே இல்லை, ஓடக் கூடாது. மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஐப்பசியில் பெரும்பாலும் சாயங்காலம்தான் இடியோடு பெய்யும் என்பதால் காலை ஓட்டம் பாதுகாப்பானது.

ரோட்டைப் பொறுத்தவரை, ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட், சாக்கடை மூடி, தண்டவாளம், உதிர்ந்த இலை இந்த நான்கும் வழுக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், திருப்பத்தில் வேகத்தைக் குறையுங்கள். அடி தெரியாத தண்ணீரில் கால் வைக்காதீர்கள், லங்கா கார்னர் சுரங்கப்பாதை ஒரு மழைக்கு எப்படி நிரம்பும் என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். தேங்கின தண்ணீரில் ஓடிவிட்டால் சோப்பு போட்டுக் காலைக் கழுவுங்கள். காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் உள்ளே போகிறது.

மழையில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் கொடுக்கிற இடங்களை விடாமல் இரண்டு மிடறாவது குடியுங்கள். கடலை மிட்டாயைச் சின்ன ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள், போனுக்கும் ஒரு கவர்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். 2018 பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் மழை, குளிர், எதிர்க்காற்று, முன்னணி ஓட்டக்காரர்களே பலர் பாதியில் விலகினார்கள். அரசு வேலை பார்த்துக்கொண்டே ஓடிய ஜப்பானின் யூகி கவாச்சி 2 மணி 15 நிமிடம் 58 வினாடியில் ஜெயித்தார், பெண்களில் அமெரிக்காவின் டெஸிரே லிண்டன் 2 மணி 39 நிமிடம் 54 வினாடியில். பாஸ்டனில் ஜெயிப்பவர்களின் வழக்கமான நேரத்தைவிட இரண்டும் நன்றாகவே அதிகம். அவர்களுக்கே அப்படியென்றால், உங்கள் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வினாடி கூடினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

முடித்தவுடன் போட்டோவுக்கு முன்னால் சட்டையை மாற்றுங்கள். துண்டு, உலர்ந்த சட்டை, செருப்பு மூன்றையும் ஒரு பையில் வைத்துத் தெரிந்தவரிடம் கொடுத்துவையுங்கள். சூடாக ஒரு சுக்கு காப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் இருக்கிற அட்டையை உருவிவிட்டுப் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் பேப்பர் ஊறிவிடும், எடுத்துவிட்டு வேறு வையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்க வேண்டாம், பசை விட்டுப்போகும். ஃபேனுக்கு அடியில் வைத்தால் மறுநாளைக்குக் காய்ந்திருக்கும்.