எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மூத்த பிள்ளை இன்னும் பால்குடி மறக்காத நேரத்தில் நாள் தள்ளிப்போகும். இல்லையென்றால் பெரியவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா முழுகாமல் இருப்பாள். கடலூர், புதுச்சேரி பக்கம் இப்படி எதிர்பாராமல் வரும் கர்ப்பம் பல வீடுகளில் நடப்பதுதான். செய்தி தெரிந்ததும் மாமியார் என்ன சொல்வார், இந்த வருமானத்தில் இன்னொன்றா, ஊர் சிரிக்காதா என்று பேசியே நான்கைந்து வாரம் ஓடிவிடும். நான் பார்த்த வரை, பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் அந்த வாரங்களில்தான் ஆரம்பிக்கின்றன. வீட்டார் முடிவெடுக்கும்வரை கரு காத்திருக்காது.

முதல் தவறு, தங்காது என்ற நம்பிக்கை. "பால் கொடுக்கிறேன், எனக்கு எப்படி நிற்கும்?" என்று கேட்காத பெண்கள் குறைவு. தாய்ப்பால் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும், ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. பவுடர் பால், கஞ்சி எதுவும் இல்லாமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம் என்பது. ஒருமுறைகூடத் தலைக்குக் குளிக்காமலே அடுத்த கர்ப்பம் தரிப்பது இப்படித்தான். நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாள் தள்ளினால் "நிற்கிற வயசு" என்று விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். நீர்க்கட்டி இருக்கிறது, எப்போதும் ஒழுங்காக வராது என்று இருப்பவர்களும் இதே மாதிரி ஏமாந்துபோகிறார்கள்.

சந்தேகம் வந்ததும் பரிசோதனை அட்டை வாங்குங்கள். காலையில் முதல் சிறுநீரில் செய்ய வேண்டும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தால் ஹார்மோன் நீர்த்துப்போய், இருப்பதும் இல்லை என்று காட்டும். குறித்த நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கர்ப்பம்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த கோட்டை நம்ப வேண்டாம். இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வரவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது உயிருக்கே ஆபத்தான தவறு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கணவரை அனுப்பி மருந்துக் கடையில் "கலைகிற மாத்திரை" வாங்குவது. எத்தனை வாரம், கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, எதுவும் தெரியாமல் விழுங்குகிறார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. மாத்திரையால்தான் வலியும் ரத்தப்போக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்துவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை பொறுக்காமல் 108 கூப்பிடுங்கள். பாதி கலைந்து பாதி தங்கிவிட்டால் கிருமி தொற்றி, அடுத்த குழந்தைக்கே வழியில்லாமல் போகலாம்.

இந்தப் பயமும் ஒளிவும் தேவையே இல்லை. கருக்கலைப்புக்கு 1971-லிருந்தே இந்தியாவில் சட்டம் இருக்கிறது. 2021-ல் திருத்திய பிறகு, கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தைத் திருமணமானவர், ஆகாதவர் யாரானாலும் 20 வாரத்துக்குள் கலைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவளுடைய விவரத்தை வெளியில் சொல்வது குற்றம். இதற்கு அனுமதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எந்த முடிவானாலும் அது பெண்ணின் முடிவாக இருக்கட்டும், சீக்கிரமாகவும் இருக்கட்டும். வாரம் ஏற ஏறச் சிகிச்சை சிக்கலாகும்.

சரி, பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவானால் உடனே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள்ளேயே மூடிவிடுகிறது. மூன்றாம் மாதம் வரட்டும், திருஷ்டி படும் என்று காத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஊருக்குச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே தைராய்டு, வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது. தைராய்டு மாத்திரையின் அளவு கர்ப்பத்தில் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். முதல் பிரசவம் ஆபரேஷன் என்றால் அது நடந்த தேதியைச் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்து அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விட உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குள் தரித்துவிட்டால் பழைய தையலைக் கருத்தில் வைத்துப் பிரசவத்தைத் திட்டமிட வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள்.

எங்கள் பகுதிக்கென்றே ஒரு குழப்பம் இருக்கிறது. கன்னியக்கோயில் தாண்டினால் கடலூர் மாவட்டம், இந்தப் பக்கம் புதுச்சேரி. புகுந்த வீடு பாகூரில், தாய் வீடு நெல்லிக்குப்பத்தில் இருக்கும், பிரசவம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் என்று நினைத்திருப்பார்கள். "பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கிறோமே, நர்சம்மாவிடம் எதற்கு?" என்று தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் பதிவை விட்டுவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால்தான் கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வரும். தமிழ்நாட்டில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். தமிழ்நாடு அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான், அதுவும் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு நாலாம் மாதம் போகிறவர்கள் இழப்பது இதைத்தான். குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்பைப் பதிய முடியும், வீட்டு முகவரி எதுவானாலும் சரி. 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் ஆதார் எடுக்கவும் அந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது புடவையும் வளையலும் பத்திரமாகப் போகும், ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய் சேய் அட்டையும் புகுந்த வீட்டு பீரோவில் கிடக்கும். நடு இரவில் வலி எடுத்து வேறு மருத்துவமனைக்குப் போனால், அங்கே அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, படமெடுத்து இரண்டு பேர் போனிலும் வையுங்கள்.

அப்புறம் மழை. அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பிரசவத் தேதி கொடுத்திருந்தால் வீடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூரின் கரையோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆற்றோரமோ தாழ்வான தெருவோ என்றால் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு கிளம்பினால் ஆம்புலன்ஸ்கூட வர முடியாத நிலை வரலாம்.

சாப்பாட்டில் அதிகம் குழம்ப வேண்டாம். நன்றாகப் பழுத்த பப்பாளியால் கரு கலையாது, காயைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். துறைமுகத்தில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் நல்லது. சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பத்தில் வேண்டாம், பால் தரும் காலத்துச் சுறாப்புட்டையும் அளவோடு வையுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது.

வீட்டுக்குள் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. "ஜாக்கிரதையாக இருக்கத் தெரியாதா?" என்ற கேள்வி எப்போதும் பெண்ணிடம் மட்டும் வருகிறது. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்து மூன்று வேளையும் சமைக்கிறாள். மாமியார் மேல் முழுப் பழியும் போடுவது நியாயமில்லை, அவருக்கும் முழங்கால் வலி இருக்கும். கணவர்தான் எழ வேண்டும். காலைச் சமையல், துணி, மூத்த பிள்ளையின் குளியல் என்று எவை தன் வேலை என்று அவரே சொல்லி எடுத்துக்கொள்ளட்டும். வளர்ந்த பிள்ளை இருந்தால் அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு முன் அம்மா அப்பாவே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பதினைந்து வயதுப் பெண் வெட்கப்படுவாள், கோபப்படுவாள். அதற்காக அவளைத் திட்டாதீர்கள்.

அடுத்த கருத்தடை என்ன என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். வலியில் துடிக்கும்போது படிவத்தை நீட்டினால் யாராலும் யோசிக்க முடியாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்றால் பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். குடும்பம் போதும் என்று இருவரும் தீர்மானித்திருந்தால் ஆண் கருத்தடை பெண்ணுக்குச் செய்வதைவிடச் சிறிய சிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அது உடனே பலன் தராது. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியான பிறகுதான் அதை நம்ப வேண்டும்.