நூறாவது தடவை கேட்கும்போது: கேம் இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம் சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஏற்காட்டில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு நாள் தங்கி ஒரு சின்ன கேம் செய்தார்கள். இசைக்கு உதவியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்து டீ குடிப்பதற்குள் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "அக்கா, மெயின் டியூன் முடிச்சிட்டேன், கேளுங்க." கேட்டேன். அழகான டியூன். அரை நிமிடம் மெல்ல ஏறி, வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து, ஒரு சிம்பல் அடியோடு உச்சிக்குப் போய் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் போட்டதும் இதே டியூன்தான், சுரங்கள் மட்டும் வேறு. அது என்னுடைய மூன்று மாத உழைப்பைத் தின்றது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தாளம் தப்புவது, சத்தம் கிழிவது, அடுத்தவர் டியூனை அனுமதி இல்லாமல் எடுப்பது இதெல்லாம் தவறு என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கேமைத் தொடாமலே டியூன் போடுவது

"காட்டு லெவல், கொஞ்சம் பயமா இருக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை நம்பி உட்காராதீர்கள். பாதி முடிந்த கேமாக இருந்தாலும் வாங்கி விளையாடுங்கள். பாத்திரம் ஓடும்போது கால் எந்த வேகத்தில் விழுகிறது, தாவி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, விளையாடுகிறவர் எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார் என்று பாருங்கள். டியூனின் வேகம் அங்கேதான் இருக்கிறது.

1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு இசை போட்ட கோஜி கோண்டோவின் கையில் இருந்தவை ஐந்தே ஒலித்தடங்கள். அதில் ஒன்று வெறும் இரைச்சல். அதைத்தான் தாளத்துக்கு வைத்துக்கொண்டார். இன்றைக்கு நம் லேப்டாப்பில் நூறு வாத்தியம் இருக்கிறது. ஆனாலும் அந்த டியூன் இத்தனை வருடம் கழித்தும் வாயில் வருகிறது என்றால், மரியோ ஓடித் தாவுகிற துள்ளலும் அந்தத் தாளத்தின் துள்ளலும் ஒன்றாக இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். மீதி நேரம் நூறுக்கு இறங்கியதும் அதே டியூன் வேகமெடுக்கும். புது டியூன் எதுவும் தேவைப்படவில்லை. கை தானாகப் பதறுகிறது.

## ஒவ்வொரு சுற்றிலும் ஒரு உச்சம்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்தது கோலப் புள்ளிகளை இணைக்கிற ஒரு மொபைல் புதிர் கேம். செய்தவர்கள் இரண்டே பேர். முதல் ட்ராக் 48 நொடி. மெதுவாக ஒரு வீணை, அதன் மேல் புல்லாங்குழல், 32ஆம் நொடியில் வயலின்கள் திரண்டு உச்சத்துக்குப் போகும். போட்டுக் காட்டியதும் அவர்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த சந்தோஷத்தில் மீதி ஐந்து ட்ராக்கையும் அதே அச்சில் வார்த்தேன். எல்லாவற்றிலும் ஓர் ஏற்றம், ஓர் உச்சம், ஓர் இறக்கம்.

மூன்று மாதம் கழித்து அஸ்தம்பட்டியில் ஒரு நண்பரின் வீட்டில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் தாண்டியது. என் சித்தி மகள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கட்டைவிரலால் சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் முழுதாக நிறுத்தினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. முடிவில் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சத்தம் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு ட்ராக்கையும் தூக்கிப் போட்டோம். மீதிச் சம்பளம் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது.

கணக்கு ரொம்ப எளிது. 48 நொடி டியூன் இருபது நிமிடத்தில் 25 முறை ஓடும். சினிமாப் பாட்டைக் கேட்கிறவர் அதைக் கேட்பதற்காகவே உட்காருகிறார். உச்சம் வரும்போது அதற்குக் காத்திருக்கிறார். கேம் விளையாடுகிறவரின் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கின்றன. அந்தக் கோலத்தில் ஒரு புள்ளியைக் கூட அவர் நகர்த்தாமல் யோசித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஏதோ பெரிய வெற்றி நடந்த மாதிரி வயலின்கள் எழுகின்றன. முதல் தடவை அழகு. மூன்றாவது தடவை பொய். பத்தாவது தடவை தொந்தரவு.

நான் வளர்ந்தது அம்மாபேட்டையில், விசைத்தறி ஓடுகிற வீட்டில். என் ஆயா, அப்பாவின் அம்மா, தறிச் சத்தத்துக்கு நடுவில் மதியம் அயர்ந்து தூங்குவார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காது அடைத்துவிடும், ஆயாவுக்குத் தாலாட்டு. ஆனால் ஒரு தறியில் இழை அறுந்து அதன் சத்தம் மட்டும் நின்றால், அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். எந்தத் தறி என்று பார்க்காமலே சொல்லுவார். லூப், அதாவது நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடுகிற டியூன், எனக்குப் புரிந்தது அந்த ஒன்பது பேரைப் பார்த்த அன்று ராத்திரி, ஆயாவை நினைத்தபோதுதான். ஒரே சீராக ஓடுகிற சத்தம் உடம்புக்குள் போய்விடும். அதிலிருந்து துருத்துகிற எதுவும் ஆளை எழுப்பும். விளையாடுகிறவரை நீங்கள் எப்போது எழுப்ப வேண்டும்? கேமில் ஏதாவது மாறும்போது. சும்மா 32 நொடி ஆனதற்காக இல்லை.

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே நான்கு சுரம், இறங்கு வரிசையில், திரும்பத் திரும்ப. அதில் உச்சம் என்று எதுவும் கிடையாது. எதிரிகள் குறையக் குறைய அவர்களின் வேகம் கூடுகிறது, கூடவே அந்த நான்கு சுரமும் நெருங்கி வருகின்றன. அவ்வளவுதான், உள்ளங்கை வேர்த்துவிடும். உணர்ச்சி சுரத்தின் எண்ணிக்கையிலிருந்து வரவில்லை. நான் செய்ததால் இசை மாறியது என்ற அந்த இணைப்பிலிருந்து வருகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். தோற்று மறுபடி ஆரம்பிக்கும்போதெல்லாம் இசையும் முதலிலிருந்து தொடங்கினால், ஒரு லெவலில் பத்து முறை தோற்கிறவர் உங்கள் டியூனின் முதல் எட்டு நொடியைப் பதினோரு முறை கேட்கிறார். நீங்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட இரண்டாம் நிமிடம் அவர் காதுக்கு வரவே வராது. 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் ஒருவர் நூற்றுக்கணக்கில் தோற்பார். லீனா ரெய்னின் இசை அதற்கெல்லாம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தோல்வியைக் குத்திக்காட்டாத இசை அது. கேம் செய்கிறவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: தோற்றால் இசை தொடருமா, திரும்புமா?

சரி, லூப்பை எப்படிக் கட்டுவது? நான் செய்வதைச் சொல்கிறேன். கடைசி வரியைச் சட்ஜத்தில், அதாவது 'ச'வில், கொண்டுபோய் உட்கார வைப்பதில்லை. சட்ஜத்தில் உட்கார்ந்தால் முடிந்தது என்று காது நம்பிவிடும். உடனே மறுபடி ஆரம்பித்தால் உறுத்தும். பஞ்சமத்திலோ நிஷாதத்திலோ தொங்கவிட்டால் அதுவே முதல் வரியைக் கூப்பிடும். அப்புறம், எல்லா வாத்தியத்துக்கும் ஒரே நீளம் வைப்பதில்லை. அடியில் ஓடும் பேஸ் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), மேலே வரும் குழல் ஏழு ஆவர்த்தனம் என்று வைத்தால், இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 28 ஆவர்த்தனம் ஆகும். சின்ன வித்தைதான், ஆனால் காது சலிக்காது. 1998இல் வந்த ஆகரினா ஆஃப் டைம் என்ற கேமின் பெரிய சமவெளிக்குக் கோண்டோ டியூனைத் துண்டு துண்டாகப் போட்டு, அவை வெவ்வேறு வரிசையில் வரும்படி வைத்திருக்கிறார். ஒரு தடவை நடந்தபோது கேட்ட வரிசை அடுத்த தடவை இருக்காது.

லூப்பின் மூட்டு தனி வேலை. கடைசி சுரத்தின் எதிரொலி அடுத்த சுற்றின் தொடக்கத்தில் பட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியது மாதிரி ஒரு வெட்டு கேட்கும். டியூனை இரண்டு சுற்று ஓடவிட்டு, இரண்டாம் சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். எதிரொலி தானாக வந்து சேர்ந்திருக்கும். எம்பி3யாகக் கொடுக்காதீர்கள். அந்த முறையில் சுருக்கும்போது ஃபைலின் முன்னும் பின்னும் ஒரு சின்ன வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது, லூப் அங்கே விக்கும். வேவ் அல்லது ஓக் வோர்பிஸ் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் "அக்கா, நல்லா இருக்கா?" என்று ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுகிறார்கள். என்னிடம் கேட்காதீர்கள். லூப்பில் போட்டுவிட்டு நாற்பது நிமிடம் பாத்திரம் தேய்த்துப் பாருங்கள், துணி மடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை ஒரு நொடி நிற்கிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள். அது உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வெட்டுங்கள்.

## சோகம் என்றால் வயலின்

வேண்டாம்.

## ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புது டியூன்

பத்து இடம் இருந்தால் பத்து டியூன் போட்டுத் திறமையைக் காட்டத் தோன்றும். எதுவும் நிற்காது. இரண்டு மூன்று கருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகம் மாற்றி, வாத்தியம் மாற்றி, இடம் மாற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். டோபி ஃபாக்ஸ் 2015இல் அண்டர்டேலில் செய்தது இதைத்தான். தொடக்கத்தில் கேட்ட மெட்டு வேறு வேறு உடுப்பில் கேம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காதுக்கு ஆளை அடையாளம் தெரியும்.

விதைத்தால்தான் அறுக்க முடியும். 1997இல் வந்த ஃபைனல் ஃபான்டஸி 7இல் ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிற இடத்தில் உடனே ஒரு பெரிய சண்டை தொடங்குகிறது. வழக்கமான சண்டை இசை வர வேண்டிய இடம். நோபுவோ உவேமட்சு போட்ட அவளுடைய மெட்டுதான் அங்கே தொடர்ந்து ஓடுகிறது. கை வாளை வீசிக்கொண்டிருக்கும், மனம் அவளிடம் இருக்கும். அந்த மெட்டை அதற்கு முன்பே நாம் அவளோடு சேர்த்துக் கேட்டிருப்பதால் வருகிற வலி அது. அங்கே முதல் தடவையாகக் கேட்டிருந்தால் இன்னொரு சோக டியூன், அவ்வளவுதான்.

## பரபரப்புக்காகச் சத்தத்தைக் கூட்டுவது

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் வளைவு வருவது தெரியும். கியர் இறங்கும், எஞ்சினின் குரல் மாறும். ஒலியின் அளவு பெரிதாக மாறுவதில்லை, அதன் தன்மைதான் மாறுகிறது. கேமிலும் அப்படித்தான். ஒரே வேகம், ஒரே சுருதியில் மூன்று நான்கு அடுக்குகளாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நெருங்கும்போது ஒரு அடுக்கைத் திறங்கள், விலகும்போது மூடுங்கள். 1991இலேயே மங்கி ஐலண்ட் 2வுக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கி, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்தால் இசை வெட்டுப்படாமல் உருமாறும்படி செய்திருந்தார்கள். இன்றைக்கு எஃப்மாட், வைஸ் போன்ற கேம் ஒலி மென்பொருள்களில் இது ஒரு மதிய நேர வேலை. கற்றுக்கொள்ளாமல் இருக்கக் காரணமே இல்லை.

## காலியான இடத்தைக் கண்டு பயப்படுவது

அந்தப் பிள்ளைகளின் கேமில் ஒரு சிறுமி பனிமூட்டத்தில் வீடு தேடிப் போகிறாள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அடியில் ஒரு இசை மெழுகியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "இல்லாட்டி வெறிச்சோடிக் கிடக்குதுக்கா" என்றது ஒரு பெண்.

ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பனி இறங்கி எதிர்வீட்டு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரத்தில் தண்ணீர் சொட்டியது. கீழே எஸ்டேட் பக்கம் ஒரு நாய் குரைத்து நின்றது. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. உள்ளே போனதும் அந்தப் பெண்ணே காட்டுவழி முழுக்க இசையை எடுத்துவிட்டாள். காலடி, சொட்டு, தூரத்து நாய். வீட்டு விளக்கு திரையில் தெரிகிற இடத்தில் மட்டும் மூன்று சுரம் வைத்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மைன்கிராஃப்ட் ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. இசை எப்போதாவது வரும், கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு நிமிடக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அந்தப் பியானோ வரும்போது பல பேர் தோண்டுவதை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள்.

## ஹெட்போனிலேயே கேட்டு முடிப்பது

புதிய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். உங்கள் பேஸ் காணாமல் போயிருக்கும். மெட்டு மிஞ்சியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.